1911 ஆகஸ்ட்: பிரபுக்களால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாமல் போன கதை

1911 என்றதும் நம்மில் பலருக்கு மணியாச்சி ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார்; தன்னையும் சுட்டுக்கொண்டார். அவரிடம் கிடைத்த கடிதம், லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றிப் பேசியது. முடிசூட்டு விழா ஐந்து நாள் கழித்து, ஜூன் 22 அன்று நடந்தது.

அதே ஜூன் 17 அன்று லண்டன் வீதிகளில் சுமார் 40,000 பெண்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். முடிசூட்டு விழாவுக்காக ஊரே கூடியிருந்த நேரம் பார்த்து வைத்த ஊர்வலம். அதில் சேலை கட்டிய இந்தியப் பெண்கள் சிலரும் நடந்தார்கள். மணியாச்சியிலும் லண்டனிலும் ஒரே நாளில், ஒரே முடிசூட்டை முன்வைத்து, இரண்டு வகையான கோபம்.

பாடப்புத்தகங்களில் 1911 என்றால் முடிசூட்டு விழாவும் டெல்லி தர்பாரும்தான். இரண்டும் படம் எடுக்கத் தோதானவை. ஆனால் பிரிட்டனுக்குள் அந்த ஆண்டு நடந்த பெரிய சண்டை வேறு. ஒருவர் ஒன்று வேண்டும் என்று கேட்கும்போது, ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? அந்தச் சண்டையின் உச்சம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பத்து நாள். அதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தைப் புரிந்துகொண்டால் போதும்: 1911ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம். பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும். கதை அப்படி அல்ல.

முதலில், இந்தப் பிரபுக்கள் யார்?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இரண்டு சபைகள். மக்கள் சபை தேர்தலில் வென்றவர்களுக்கு. பிரபுக்கள் சபை, பிரபுக்களாகப் பிறந்தவர்களுக்கு. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அன்றைய நிலைமை கிட்டத்தட்ட அதுதான். அப்பா பிரபு என்றால், அவர் காலமானதும் மூத்த மகன் பிரபு. நிலமும் மாளிகையும் கைமாறுவதுபோலச் சபையில் ஓர் இருக்கையும் கைமாறும். அப்படி வந்தவர்களும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுமாகச் சுமார் 600 பேர். அவர்களோடு 26 பிஷப்புகளும் சில நீதிபதிகளும் உண்டு. பெண் ஒருவர்கூடக் கிடையாது. மக்கள் சபையிலும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுவோம். வயது வந்த ஆண்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் அன்று ஓட்டு இருந்தது. ஆகவே ‘மக்கள் சபை’ என்பதையும் கொஞ்சம் உப்புச் சேர்த்தே விழுங்க வேண்டும்.

ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால் இரண்டு சபைகளும் சம்மதிக்க வேண்டும், பிறகு அரசர் ஒப்புதல் தர வேண்டும். அரசர் ஒப்புதல் மறுப்பது 1708க்குப் பிறகு நடக்கவே இல்லை, அது சடங்காகிவிட்டது. ஆனால் பிரபுக்களின் மறுப்பு சடங்கல்ல. கன்சர்வேடிவ் ஆட்சி நடந்தால் சபை தூங்கும். லிபரல் ஆட்சி வந்தால் விழித்துக்கொள்ளும். ஏனென்றால் பிரபுக்களில் பெரும்பாலோர் கன்சர்வேடிவ்கள்.

1906 தேர்தலில் லிபரல் கட்சி சுமார் 400 இடங்களில் வென்று ஆட்சியை உறுதி செய்துகொண்டது. வென்ற வேகத்தில் கல்வி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. பிரபுக்கள் அதைச் சிதைத்தார்கள். 1908இல் மதுக்கடை உரிமங்களைக் குறைக்கும் மசோதா. அதையும் தூக்கிப் போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் மக்கள் சபையில் தோற்பதை எல்லாம் பிரபுக்கள் சபையில் ஜெயித்துக்கொண்டிருந்தார். ‘இந்தச் சபை அரசியலமைப்பின் காவல் நாய் அல்ல, பால்ஃபரின் செல்ல நாய்க்குட்டி’ என்ற பொருளில் லிபரல் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1907இல் கேலி செய்தார். வேல்ஸ் நாட்டில் செருப்புத் தைக்கும் மாமாவிடம் வளர்ந்தவர் அவர். பிரபுக்களை வம்புக்கு இழுப்பதில் அவருக்குத் தனி ருசி.

பட்ஜெட்டில் மூண்ட சண்டை

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, 1909 ஜனவரி 1 முதல், தபால் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் ஜெர்மனியோடு கடற்படைப் போட்டி. ‘டிரெட்நாட்’ என்ற பெரும் போர்க்கப்பல்களைக் கட்டியாக வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் 1909 ஏப்ரல் 29 அன்று பட்ஜெட்டை வாசித்தார். நாலு மணி நேரத்துக்கும் மேல் வாசித்தார். பெரும் வருமானத்துக்குக் கூடுதல் வரி. வாரிசுச் சொத்துக்குக் கூடுதல் வரி. அத்தோடு, நிலத்துக்காரர் விரலசைக்காமலே நிலத்தின் விலை ஏறினால், அந்த ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு.

கடைசியில் சொன்னதுதான் பிரபுக்களைச் சுட்டது. பக்கத்தில் ரயில் வந்ததாலும் ஊர் பெருத்ததாலும் விலை ஏறிய நிலம் யாருடையது? அவர்களுடையதுதான். லாயிட் ஜார்ஜ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முழு ஜோடனையோடு ஒரு டியூக்கை, அதாவது பிரபுக்களில் உச்சப் பட்டக்காரரை, பராமரிக்க ஆகும் செலவு இரண்டு டிரெட்நாட்டுக்கு ஆகும் என்று நியூகாசிலில் சொன்னபோது கூட்டம் சிரித்தது; டியூக்குகள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மரபைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் அரசியலமைப்பு ஒரே புத்தகமாக எழுதி வைக்கப்பட்டதல்ல. சட்டம் பாதி, பழக்கம் பாதி. பட்ஜெட்டைப் பிரபுக்கள் நிராகரிக்க மாட்டார்கள் என்பது அப்படி ஒரு பழக்கம். இருநூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் மீறாதது. 1909 நவம்பர் 30 அன்று மீறினார்கள். 350க்கு 75 என்ற வாக்கில் பட்ஜெட் விழுந்தது. எழுதாத விதியை நம்பி வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1910 ஜனவரியில் தேர்தல். லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் ஏறக்குறைய சமமாக வந்தார்கள். தராசின் முள் அயர்லாந்து தேசியவாதிகள் கைக்குப் போனது. அவர்களுக்குப் பட்ஜெட் முக்கியமல்ல. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும். 1893இல் மக்கள் சபை நிறைவேற்றிய தன்னாட்சி மசோதாவைப் பிரபுக்கள் 419க்கு 41 என்று நசுக்கியதை அவர்கள் மறக்கவில்லை. ஆதரவு வேண்டுமா, பிரபுக்களின் மறுப்பு அதிகாரத்தை முதலில் ஒழியுங்கள் என்றார்கள். பட்ஜெட் ஒருவழியாக ஏப்ரலில் நிறைவேறியது. ஆனால் அதற்குள் சண்டை பட்ஜெட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அரசர் கொடுத்த ரகசிய வாக்கு

தன் அதிகாரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் மசோதாவுக்குப் பிரபுக்கள் சபை எப்படிச் சம்மதிக்கும்? சம்மதிக்காது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது, கொஞ்சம் விநோதமான வழி. புதுப் பிரபுக்களை உருவாக்கும் உரிமை அரசருக்கு உண்டு, எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அரசாங்கத்துக்கு ஆதரவான சில நூறு பேருக்கு ஒரே நாளில் பிரபுப் பட்டம் கொடுத்துச் சபைக்குள் அனுப்பிவிட்டால், எதிர்ப்பு மூழ்கிவிடும். 1712இல் ஆன் அரசி பன்னிரண்டு பேரை இப்படி உருவாக்கியிருக்கிறார். 1832இல் அந்த மிரட்டலே போதுமானதாக இருந்தது.

பிரதமர் ஆஸ்குவித் இந்த ஆயுதத்தைக் கேட்டார். ஏழாம் எட்வர்ட் மன்னர், இன்னொரு தேர்தல் நடக்கட்டும் என்றார். 1910 மே 6 அன்று அவர் இறந்துபோனார். பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜுக்கு அரசியல் அனுபவம் போதாது. இரு கட்சித் தலைவர்களும் மாதக்கணக்கில் ரகசியமாகப் பேசிப் பார்த்தார்கள், உடன்பாடு வரவில்லை. நவம்பரில் ஆஸ்குவித் புது மன்னரிடம் வாக்கு வாங்கினார்: தேர்தலில் நாங்கள் வென்றால், தேவைப்படும் அளவுக்குப் பிரபுக்களை உருவாக்குவீர்கள். அந்த வாக்கை வெளியே சொல்லவும் கூடாது. மன்னருக்கு இது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது; மூலையில் தள்ளி வாங்கிவிட்டார்கள் என்றே நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டிசம்பர் தேர்தலிலும் முடிவு ஏறக்குறைய பழையபடியே. ஒரே ஆண்டில் இரண்டு பொதுத் தேர்தல் நடத்தி, நாடு அசையவே இல்லை! ஆனால் அயர்லாந்துக்காரர்களும் தொழிற்கட்சியும் கூட இருந்ததால் ஆஸ்குவித்துக்குப் பெரும்பான்மை இருந்தது. 1911இல் நாடாளுமன்ற மசோதா மக்கள் சபையைத் தாண்டிப் பிரபுக்களிடம் போனது. அவர்கள் திருத்தி, திருத்தி, அடையாளம் தெரியாமல் ஆக்கினார்கள். ஜூலையில் ஆஸ்குவித் சீட்டைக் காட்டினார்: மன்னரின் வாக்கு எங்களிடம் இருக்கிறது. ஜூலை 24 அன்று அவர் மக்கள் சபையில் பேச எழுந்தபோது எதிர்க்கட்சியினர் அரை மணி நேரத்துக்கும் மேல் கூச்சல் போட்டுப் பேசவிடாமல் உட்காரவைத்தார்கள். கண்ணியத்துக்குப் பேர்போன சபை என்று நமக்குச் சொல்லித் தரப்பட்ட அதே சபைதான்.

தேவைப்பட்டால் பிரபுவாக்குவதற்கு ஆஸ்குவித் தரப்பில் சுமார் 250 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல்கூடத் தயாராக இருந்தது. அதில் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி, பீட்டர் பானை எழுதிய ஜே. எம். பாரி, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் எல்லாரும் இருந்தார்கள். அந்தச் சபை கூடியிருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 10

இனி வெயில். 1911 கோடை பிரிட்டனை வாட்டி எடுத்தது. ஆகஸ்ட் 9 அன்று நார்தாம்ப்டன்ஷயரில் ராண்ட்ஸ் என்ற ஊரில் 36.7 டிகிரி செல்சியஸ் பதிவானது; 1990 வரை அந்த நாட்டில் யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. வேலூர்க்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் குளிரைத் தடுக்கக் கட்டிய வீடுகள், கம்பளித் துணிகள், குளிர்ப்பெட்டி இல்லாத காலம். பால் காலையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் கெட்டது. சாக்கடை நாறிய நெரிசல் குடியிருப்புகளில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் செத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஆண்டு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 130 ஒரு வயதை எட்டவில்லை. முந்தைய ஆண்டு அது 105 அளவில்தான் இருந்தது. முடிசூட்டு விழாப் படங்களில் இந்த எண் தெரியாது.

அந்த வெயிலில்தான் பிரபுக்கள் ஆகஸ்ட் 10 அன்று கடைசி வாக்கெடுப்புக்குக் கூடினார்கள். அவர்களுக்குள் இரண்டு கோஷ்டி. ‘கடைசி அகழியில் நின்று சாவோம்’ என்றவர்களுக்கு அகழிக்காரர்கள் என்று பெயர்; அவர்கள் தலைவர் 87 வயது ஹால்ஸ்பரி பிரபு. விட்டுக்கொடுத்துவிடலாம் என்றவர்களுக்கு வேலிக்காரர்கள் என்று பெயர். நம்மூரில் மதில்மேல் பூனை என்போமே, அந்தச் சாயல். வேலிக்காரர்களில் முக்கியமானவர் நமக்குத் தெரிந்தவர்: வங்காளத்தைப் பிரித்த கர்சன். அகழி வீரவசனத்தை முதலில் பேசியவரும் அவர்தான் என்பது தனிக் கதை. நூற்றுக்கணக்கில் புதுப் பிரபுக்கள் வந்து இறங்கினால் தன் பட்டத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

அரசின் சார்பில் எழுந்தவரும் நமக்குத் தெரிந்தவர்தான்: மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தின் மார்லி. மசோதா தோற்றால், எந்தக் கூட்டணியாலும் தோற்கடிக்க முடியாத அளவுக்குப் புதுப் பிரபுக்களை உருவாக்க மன்னர் சம்மதிப்பார் என்று ஒரு குறிப்பை வாசித்தார். சந்தேகப்பட்டவர்கள் கேட்டதற்காக இன்னொரு முறையும் வாசித்தார். வாக்கு எண்ணினார்கள். ஆதரவு 131, எதிர்ப்பு 114. பதினேழு ஓட்டு. கட்சியை மீறி அரசுக்கு வாக்களித்த கன்சர்வேடிவ் பிரபுக்கள் 37 பேரும் 13 பிஷப்புகளும் இல்லையென்றால் கதை மாறியிருக்கும்.

அப்படி அந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது? மூன்று விஷயம். பண மசோதா, அதாவது வரியும் அரசுச் செலவும் பற்றியது, பிரபுக்களிடம் போனால் ஒரு மாதம்தான். அதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர்களைக் கேட்காமலே சட்டமாகிவிடும். எது பண மசோதா என்று மக்கள் சபையின் சபாநாயகர் சான்று கொடுப்பார். மற்ற மசோதாக்களை மக்கள் சபை அடுத்தடுத்த மூன்று கூட்டத்தொடர்களில் நிறைவேற்றி, நடுவில் இரண்டு வருஷம் கடந்துவிட்டால், பிரபுக்கள் எத்தனை முறை மறுத்தாலும் சட்டம் சட்டம்தான். மூன்றாவது, நாடாளுமன்றத்தின் அதிகபட்ச ஆயுள் ஏழு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இந்த ஐந்தை நீட்டும் மசோதாவுக்கு மட்டும் பிரபுக்களின் மறுப்பு அதிகாரம் அப்படியே இருக்கும். பதவியில் இருக்கும் கட்சி தேர்தலே நடத்தாமல் ஓட்டிவிடக் கூடாதல்லவா? நல்ல பூட்டு.

எளிதாகச் சொன்னால், ‘முடியாது’ என்ற சொல் ‘கொஞ்சம் பொறு’ ஆகிவிட்டது. 1949இல் இரண்டு வருஷமும் ஒரு வருஷமாகச் சுருங்கியது. இந்த வழியில் பிரபுக்களின் சம்மதமின்றி நிறைவேறிய சட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்று. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் சட்டம் பயன்படவில்லை என்று நினைக்க வேண்டாம். பிரம்பு மூலையில் நின்றாலே போதும்.

நம் அரசியலமைப்பிலும் இதன் நிழல் உண்டு. மாநிலங்களவை ஒரு பண மசோதாவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், நிராகரிக்க முடியாது. எது பண மசோதா என்று மக்களவை சபாநாயகர்தான் சான்று தருவார். 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டபோது எழுந்த சச்சரவு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டைக்குப் பாட்டன் சண்டை இதுதான்.

பிரபுக்கள் வாக்களித்த அதே ஆகஸ்ட் 10 அன்று, மக்கள் சபை தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் என்று தீர்மானித்தது. அதுவரை சம்பளமே கிடையாது. வசதி இருந்தால்தான் அரசியல். தொழிற்கட்சி உறுப்பினர்களுக்குத் தொழிற்சங்கங்கள் படி அளந்துகொண்டிருந்தன. 1909இல் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அதற்கு மாற்றுத்தான் இந்தச் சம்பளம். (ஒரு கிளைக் குறிப்பு: நகைக்கடையில் நாம் சொல்லும் பவுன் அந்த நாட்டின் ஒரு பவுன் தங்க நாணயத்திலிருந்து வந்தது. அதன் எடை ஏறத்தாழ எட்டு கிராம். ஆகவே 400 பவுன் என்பதை அப்படியே கற்பனை செய்துகொள்ளலாம்.)

சபைக்கு வெளியே

உள்ளே பதினேழு ஓட்டில் ஒரு சகாப்தம் முடிந்துகொண்டிருந்தபோது, வெளியே துறைமுகங்கள் நின்றுபோயிருந்தன. விலைவாசி பத்தாண்டாக ஏறிக்கொண்டிருந்தது, கூலி ஏறவில்லை. ஜூனில் கப்பல் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒவ்வொரு துறைமுகமாகத் தொற்றியது. ஆகஸ்டில் லண்டன் துறைமுகத்தில் இறைச்சியும் வெண்ணெயும் பழமும் இறக்க ஆளில்லாமல் அந்த வெயிலில் அழுகின. தெற்கு லண்டனின் பெர்மண்ட்சியில் ஜாம், பிஸ்கட் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள், யாரும் அழைக்காமலே வெளியே வந்தார்கள்.

லிவர்பூலில் தொழிற்சங்கத் தலைவர் டாம் மான் தலைமையில் துறைமுகம், ரயில், வண்டி எல்லாமே நின்றன. ஊருக்குள் பாலோ ரொட்டியோ போக வேண்டுமானால் வேலைநிறுத்தக் குழுவின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை. ‘முடியாது’ சொல்லும் உரிமை சில நாளைக்குக் கூலிக்காரர்கள் கையில் இருந்தது! ஆகஸ்ட் 13 ஞாயிற்றுக்கிழமை, செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன் சுமார் 80,000 பேர் கூடியிருந்தபோது போலீஸ் தடியடி நடத்தியது, நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து ராணுவம் சுட்டதில் இருவர் இறந்தார்கள். மெர்சி நதிக்குள் ஒரு போர்க்கப்பல் வந்து நின்றது. உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். ஜனவரியில் லண்டன் சிட்னி தெருவில் ஒரு கொள்ளைக் கும்பலைப் போலீஸ் சுற்றி வளைத்தபோது மேல்தொப்பியோடு போய் நின்று வேடிக்கை பார்த்தவரும் இவர்தான்.

ஆகஸ்ட் 17 இரவு ரயில்வே தொழிலாளர்களும் இறங்கினார்கள். நாடு முழுக்க நடந்த முதல் ரயில் வேலைநிறுத்தம் இது. வாரம் ஒரு பவுன்கூட வாங்காதவர்கள் அவர்களில் ஏராளம். கம்பெனிகளோ தொழிற்சங்கம் என்ற ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. சர்ச்சில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இறக்கினார். உள்ளூர் அதிகாரிகள் கேட்காத ஊர்களுக்கும் அனுப்பினார். ஆகஸ்ட் 19 மத்தியானம், வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ரயிலை மறித்த கூட்டத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்களில் ஒருவர் தகரத் தகடு ஆலைத் தொழிலாளி, ரக்பி ஆட்டக்காரர். மற்றவர் சிகிச்சையிலிருந்து வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்த காசநோயாளி. இருவருமே ரயில்வேக்காரர்கள் அல்லர். ஊர் கொந்தளித்து ரயில் பெட்டிகளைக் கொளுத்தியபோது ஒரு பெட்டி வெடித்து இன்னும் நால்வர் செத்தார்கள்.

அன்று இரவே லண்டனில் சமரசம் ஆகிவிட்டது. சில மணி நேரம் முன்னால் ஆகியிருக்கக் கூடாதா என்று இப்போது படிக்கும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. பேசி முடித்தவர் லாயிட் ஜார்ஜ். மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு ஜெர்மனி ஒரு பீரங்கிப் படகை ஜூலை 1 அன்று அனுப்பியிருந்தது. போர் மூளலாம், ரயில் ஓடியாக வேண்டும் என்று இரு தரப்பையும் உட்காரவைத்தார். அதே பதற்றத்தில்தான் அரசு ரகசியச் சட்டமும் ஒரே மத்தியானத்தில் மக்கள் சபையைக் கடந்தது. நம்மிடம் இன்னும் இருக்கும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வாரிசு.

செப்டம்பரில் லனெல்லியில் பள்ளிக்கூடப் பையன்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரம்படி கூடாது என்றார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. பெரியவர்கள் சிரித்தார்கள், பிறகு அடித்தார்கள்.

நாலணாவுக்கு ஒன்பதணா

டிசம்பர் 16 அன்று தேசிய காப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. பிரபுக்களின் முதுகெலும்பு முறிந்திருக்காவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகம். கணக்கு எளியது. வாரம்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். தொழிலாளி நோயில் படுத்தால் வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் வரை, டாக்டரும் இலவசம். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு ரூபாய் 16 பென்ஸ், அதாவது ஓர் அணா ஒரு பென்னி. ஆகவே லாயிட் ஜார்ஜின் பிரசாரத்தை நம் தாத்தாக்கள் மொழியிலேயே சொல்லலாம்: நாலணா போடு, ஒன்பதணா எடு.

ஓட்டைகளும் இருந்தன. தொழிலாளிக்கு மட்டும்தான் வைத்தியம்; மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லை, பிரசவத்துக்கு 30 ஷில்லிங் கொடுத்ததைத் தவிர. வேலையிழந்தோருக்கு வாரம் 7 ஷில்லிங் என்ற இரண்டாம் பகுதி, கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரம் போன்ற சில தொழில்களுக்கு மட்டும். டாக்டர்கள் எதிர்த்தார்கள். சீமாட்டிகள் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டு, வேலைக்காரிகளுக்காக அட்டையில் ஸ்டாம்பு நக்கி ஒட்ட மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். நாக்குக்கு அவ்வளவு மானம். ஆனாலும் நோய்ப்படியில் இருப்பதை ‘லாயிட் ஜார்ஜில் இருக்கிறேன்’ என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் சனங்களிடம் ஒட்டிக்கொண்டது.

பெண்களுக்கு ஓட்டு மட்டும் வரவில்லை. ஏப்ரல் 2 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை, ஓட்டில்லாதவர்களை ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டுப் பலர் புறக்கணித்தார்கள். ஓட்டுரிமைப் போராளி எமிலி டேவிசன் அன்று இரவு நாடாளுமன்றக் கட்டடத்துக் கோயிலில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். இருப்பிடம் எது என்று கேட்டால் நாடாளுமன்றம் என்று எழுதலாமே என்பதற்காக.

டெல்லி

நவம்பரில் மன்னர் கப்பலேறினார். டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் அவரே எழுந்து இரண்டு அறிவிப்புகள் செய்தார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது. வங்காளப் பிரிவினை ரத்தாகிறது. முன்னமே தெரிந்தவர்கள் சொற்பம். அரசர் ஒப்புதலைக்கூடச் சடங்காக்கிய அந்த நாட்டில், 31 கோடிக்கும் அதிகமான மக்களின் தலைநகரத்தை மாற்றும் முடிவு அந்த மக்களையும் கேட்காமல், மக்கள் சபையையும் கேட்காமல், மன்னர் வாயால் வெளிவந்தது.

இதைப் பிரபுக்கள் சபையில் எழுந்து கண்டித்தவர் கர்சன். நாடாளுமன்றத்தைக் கலந்துகொள்ளாமல் செய்துவிட்டார்கள் என்பது அவருடைய புகார்களில் ஒன்று.